தாலினில் இரண்டு இரவு: மேல் ஊரும் கீழ் ஊரும்

செப்டம்பரில் அலுவலக வேலையாக ஹெல்சிங்கி வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு இரவு வரை நேரம் இருக்கிறது, மனைவியும் கூட வருகிறார், இருவரும் சைவம். கடலைத் தாண்டி எஸ்டோனியாவின் தலைநகரான தாலினுக்குப் போய்வரலாமா, காலையில் போய் மாலையில் திரும்பினால் போதாதா, முடிந்தால் லாட்வியாவின் தலைநகரான ரீகாவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால் அன்றே திரும்பாதீர்கள், இரண்டு இரவு தங்குங்கள். ரீகாவை இந்த முறை மறந்துவிடுங்கள். அது தாலினிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். பேருந்தில் போக நாலு மணி நேரத்துக்கு மேல், வர நாலு மணி நேரத்துக்கு மேல். இரண்டு ஊரையும் பார்த்த மாதிரியும் இருக்காது, பார்க்காத மாதிரியும் இருக்காது.

ஏன் தங்கச் சொல்கிறேன் என்றால், நான் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஹெல்சிங்கியில் ஆறு வருடம் இருந்தேன். தாலினுக்கு முதல்முறை போனது ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, காலைக் கப்பலில். பதினொரு மணிக்கு நகரமன்றச் சதுக்கத்தில் போய் நின்றால் நம் ஊர்த் தேர்த்திருவிழா தோற்றது. துறைமுகத்தில் அன்று மூன்று உல்லாசக் கப்பல்கள் நின்றிருந்தன. நான் பார்த்ததெல்லாம் வழிகாட்டிகள் உயர்த்திப் பிடித்த குடைகளையும் எண் எழுதிய அட்டைகளையும்தான். சதுக்கத்தில் உட்கார்ந்து ஒரு சூப் குடித்துவிட்டு, அதற்கு ஒரு நாள் சாப்பாட்டுக் காசைக் கொடுத்துவிட்டு, ‘இது ஊரா, பொருட்காட்சியா’ என்று முணுமுணுத்துக்கொண்டே மாலைக் கப்பலைப் பிடித்தேன். அடுத்த வருடம் ஊரிலிருந்து வந்த அத்தை மகனுக்காக மறுபடி போக வேண்டியிருந்தது. அப்போது இரவு தங்கினோம். காலை ஆறரை மணிக்கு அதே சதுக்கத்தில் ஒரு ஆள், ஒரு நாய், தெரு கூட்டும் வண்டி ஒன்று. அவ்வளவுதான். அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஊர் பிடித்தது.

கப்பல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் நடுவே சுமார் 80 கிலோமீட்டர் கடல். பெரிய கப்பல்களில் இரண்டு மணி நேரம். பின்லாந்து, எஸ்டோனியா இரண்டுமே ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் உங்களுடையது ஒருமுறை நுழையும் விசா என்றாலும் கவலை இல்லை, வெளியே போய்வந்ததாகக் கணக்காகாது. பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும். பணமும் அதே யூரோதான், 2011 முதல். தாலின் துறைமுகத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போய்விடலாம், பதினைந்து இருபது நிமிடம். கப்பலில் பெரிய தள்ளுவண்டியோடு ஏறும் ஃபின்லாந்துக்காரர்களைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். அங்கே மது விலை குறைவு, வண்டி அதற்குத்தான்.

இப்போது ஊருக்கு வருவோம். தாலினின் பழைய நகரம் 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, சுவர், கோபுரம், சந்து என்று எல்லாவற்றையும் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். ஆனால் அது ஒரு ஊர் இல்லை, இரண்டு ஊர். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மேலே சுண்ணாம்புப் பாறைமேல் தோம்பெயா. அது ஆட்சியாளர்கள், பிரபுக்கள், பேராயர் இருந்த இடம். கீழே வணிகர்களும் கைவினைஞர்களும் இருந்த ஊர். அவர்கள் 1248 முதல் ஜெர்மானிய நகரமான லூபெக்கின் சட்டப்படி தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்கள், பிறகு ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்து கொழுத்தார்கள். மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் ஆகவே ஆகாது. நடுவில் சுவர் எழுப்பி, வாசல் வைத்து, இரவானால் கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டுக்கும் இடையே இரண்டே பாதைகள். ஒன்றுக்கு ‘நெட்டைக் கால்’, மற்றதற்குக் ‘குட்டைக் கால்’ என்று பெயர். எஸ்டோனிய மொழியில் பிக் யல்க், லூகிகே யல்க். ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை, அதனால் தாலின் நொண்டி நடக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களின் பழைய கிண்டல். நிர்வாகத்தில் இரண்டும் ஒன்றானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கியதும் பெட்டியை அறையில் போட்டுவிட்டுப் பிக் தெருவில் நடங்கள். பிக் என்றால் நீளம், நம் ஊரில் நெடுந்தெரு என்போமே, அதேதான். துறைமுகப் பக்கம் அது தொடங்கும் இடத்தில் ‘தடிச்ச மார்கரெட்டா’ என்ற குண்டுக் கோபுரம் நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் கடலிலிருந்து வரும் எதிரியைத் தடுக்கக் கட்டியது, பின்னால் சிறையானது, இப்போது கடல்சார் அருங்காட்சியகம். தெருவில் வணிகர்களின் வீடுகளை அண்ணாந்து பாருங்கள். முக்கோண முகப்பின் உச்சியில் ஒரு கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கப்பி மாட்டும் கொக்கி. அதன் நேர்கீழே மாடிக்கு மாடி சின்னக் கதவு. வீட்டின் மேல் மாடிகள் முழுக்கக் கிடங்கு. வண்டியிலிருந்து மூட்டையைக் கயிற்றில் கட்டி மேலே இழுப்பார்கள், முதலாளி குடும்பம் கீழ்த்தளத்தில் இருக்கும். ‘மூன்று சகோதரிகள்’ என்ற ஒட்டி நிற்கும் மூன்று வீடுகளில் இது தெளிவாகத் தெரியும். மூட்டைகளில் முக்கியமானது உப்பு. மேற்கிலிருந்து உப்பு வரும், ரஷ்யாவின் நோவ்கோரோதிலிருந்து மெழுகும் மென்மயிர்த் தோலும் வரும், இரண்டும் இங்கே கைமாறும். தாலினை உப்பின் மேல் கட்டிய ஊர் என்பார்கள்.

அதே தெருவில் 59-ஆம் எண் கட்டடத்தைக் கடக்கும்போது கால்மட்டத்தில் பாருங்கள். நிலவறை ஜன்னல்கள் அடைக்கப்பட்டிருக்கும். சோவியத் காலத்தில் உளவு அமைப்பான கேஜிபியின் தலைமையகம் அது. உள்ளே விசாரிக்கப்படுபவரின் குரல் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று அடைத்தார்களாம். தாலினிலேயே உயரமான கட்டடம் அதுதான், ஏனென்றால் அதன் நிலவறையிலிருந்து பார்த்தாலே சைபீரியா தெரியும் என்று அந்தக் காலத்தில் ஊருக்குள் ஒரு ஜோக் ஓடியது.

சனிக்கிழமை சீக்கிரம் எழுந்திருங்கள். விடுமுறையில் யார் ஆறு மணிக்கு எழுவார்கள் என்று உங்கள் மனைவி கேட்பார். கேட்கட்டும், எழுப்புங்கள். நெட்டைக் கால் வழியாக மேலே ஏறி, நாடாளுமன்றம் இருக்கும் தோம்பெயா கோட்டையின் மூலையில் ‘நெட்டை ஹெர்மன்’ கோபுரம் தெரிகிற புல்வெளிக்குப் போங்கள். சூரியன் உதிக்கும் நேரத்தில், ஆனால் ஏழு மணிக்கு முன்பாக இல்லாமல், அங்கே நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடி ஏறும், நாட்டுப்பண் ஒலிக்கும். செப்டம்பரில் ஏழு மணி வாக்கில் போய் நின்றால் சரியாக இருக்கும்.

அந்தப் பாட்டைக் கேட்டதும், ஹெல்சிங்கியில் இருந்திருந்தால் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஃபின்லாந்தின் நாட்டுப்பண்ணும் அதே மெட்டுதான், பாசியுஸ் என்ற இசையமைப்பாளர் போட்டது. சோவியத் ஆட்சியில் எஸ்டோனியர்களுக்கு இந்தப் பாட்டும் கொடியும் தடை. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஃபின்லாந்தின் ஒலிபரப்பு தாலின் வரை எட்டும். இரவு நிகழ்ச்சி முடியும்போது அங்கே நாட்டுப்பண் போடுவார்கள். சொல் வேறு, மெட்டு ஒன்று. அதைத் தாழ்ந்த குரலில் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். 1989 பிப்ரவரி 24 அன்று இதே கோபுரத்தில் பழைய கொடியை மறுபடி ஏற்றினார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 23-இல் மூன்று பால்டிக் நாட்டு மக்கள் கைகோத்து நின்ற 600 கிலோமீட்டர் மனிதச் சங்கிலியின் வடக்கு முனையும் இந்தக் கோபுரத்தடிதான். இதெல்லாம் தெரிந்து அந்த ஐந்து நிமிடம் நின்றால் குளிர் உறைக்காது.

கோட்டைக்கு எதிரே வெங்காயக் குவிமாடங்களோடு ஒரு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் நிற்கும், 1900-இல் முடிந்த அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி தேவாலயம். ஜார் ஆட்சி தன் அதிகாரத்தைக் காட்ட மேட்டின் உச்சியில் கட்டியது. சுதந்திரம் கிடைத்த பிறகு 1920-களில் இதை இடித்துவிடலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. தாலின் என்று தேடினால் முதலில் வரும் படங்களில் இதுவும் ஒன்று என்பது வேடிக்கைதான். பத்து நிமிடம் போதும்.

அதைவிட எனக்குப் பிடித்தது பின்னாலிருக்கும் தோம்கிரிக் என்ற வெள்ளைச் சுவர் பேராலயம். உள்ளே சுவர் முழுக்கப் பிரபுக் குடும்பங்களின் மரக் குலச்சின்னங்கள், நூற்றுக்கும் மேலே, சில ஆளுயரத்தைத் தாண்டும். செத்தபிறகும் யார் பெரியவர் என்ற போட்டி. ஆனால் நுழையும்போது காலடியைப் பாருங்கள். வாசற்படிக்கு உள்ளே தரையில் ஒரு கல்லறைப் பலகை, ஓட்டோ யோஹான் தூவே என்ற நிலப்பிரபுவுடையது. குடியும் கூத்துமாக வாழ்ந்தவர், கடைசியில் மனம் வருந்தி, ‘வருகிறவர்கள் எல்லாம் என்னை மிதித்துக்கொண்டு போகட்டும், அப்போதாவது பாவம் தீரட்டும்’ என்று வாசலில் புதைக்கச் சொன்னார் என்பது கதை. அப்படிக் கிடந்தால் பெண்களின் பாவாடைக்குள் பார்க்கலாம் என்றுதான் கேட்டார் என்று கீழ் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு கதை. மேல் ஊர்க் கதை ஒன்று, கீழ் ஊர்க் கதை ஒன்று.

மேட்டின் விளிம்பில் கோஹ்துஒட்சா, பட்குலி என்று இரண்டு காட்சிமேடைகள். முதலாவதில் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கோபுரங்களும், இரண்டாவதில் மதில் கோபுரங்களும் கடலும். ஒன்பது மணிக்கு மேல் கோஹ்துஒட்சாவில் படம் எடுக்க வரிசை நிற்கும். ஏழரைக்கு நீங்களும் கடற்காகங்களும்தான் இருப்பீர்கள். அந்தக் காகங்கள் உணவைப் பறிக்கும், ஜாக்கிரதை.

இறங்கும் வழியில், மதிலை ஒட்டி ‘டேனிய அரசன் தோட்டம்’ என்று சின்னதாக ஒரு இடம். முகமில்லாத மூன்று துறவிச் சிலைகள் நிற்கும், மாலை இருட்டில் கொஞ்சம் பயமாகவே இருக்கும். 1219-இல் டென்மார்க் அரசன் இரண்டாம் வால்டெமார் படையோடு வந்து இந்த இடத்தைப் பிடித்தான். தோற்கும் தறுவாயில் வானத்திலிருந்து சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடி விழுந்ததாகவும், அதைப் பிடித்துக்கொண்டு ஜெயித்ததாகவும் டேனியர்கள் சொல்வார்கள். டென்மார்க்கின் தேசியக் கொடி பிறந்த கதையே தாலினில்தான். தாலின் என்ற பெயருக்கே ‘டேனியர் கோட்டை’ என்று பொருள் சொல்வதுண்டு. நமக்கும் அந்தக் கொடி புதிதில்லை, நாலு நூற்றாண்டு கழித்து 1620-இல் தரங்கம்பாடியில் ஏறியது இதே கொடிதான். இரண்டு இடத்தையும் டேனியர்கள் விற்றுவிட்டுத்தான் போனார்கள். தாலின் அடங்கிய வட எஸ்டோனியாவை 1346-இல் ஜெர்மானிய டியூட்டானிய வீரர் சங்கத்துக்கு, தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு.

குட்டைக் கால் வழியாகக் கீழே இறங்குங்கள். அது படியும் சரிவுமான சந்து. மேல் முனையில் ஒரு வாசல் கோபுரம் இருக்கிறது, அதன் கனத்த மரக்கதவு இன்னும் அங்கேயே இருக்கிறது. பெரிய ஆணிகள் அறைந்த கதவு. கையை வைத்துப் பாருங்கள், இரண்டு ஊரும் ஒன்றையொன்று எவ்வளவு நம்பின என்பது தெரியும். 1535-இல் யோஹான் ஃபான் யூக்ஸ்கூல் என்ற பிரபு தன் பண்ணையாள் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தெனாவட்டாகக் கீழ் ஊருக்குள் வந்தார். பண்ணையாளைக் கொல்வது பிரபுக்களுக்கு ஒரு குற்றமாகவே படாத காலம். கீழ் ஊர் அவரைப் பிடித்து, லூபெக் சட்டப்படி விசாரித்து, தலையை வெட்டிவிட்டது. பிரபுக்கள் கொதித்துப்போனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, தண்டனை நடந்த நகர வாசலைக் கல் வைத்து அடைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஓடிவந்த பண்ணையாள் ஒரு வருடமும் ஒரு நாளும் நகரத்துக்குள் இருந்துவிட்டால் விடுதலை என்ற பழக்கமும் இருந்தது. அப்படிப்பட்ட ஊருக்கு அந்தக் கதவு எதற்கு என்று கேட்கவே வேண்டாம்.

பக்கத்தில் ‘கீக் இன் டெ கேக்’ கோபுரம். பழைய ஜெர்மன் பேச்சில் ‘சமையலறையை எட்டிப்பார்’ என்று பொருள். 38 மீட்டர் உயரத்திலிருந்து காவலாளிகள் கீழ் வீடுகளின் அடுப்படியைப் பார்க்க முடியுமாம். 1570-களில் ரஷ்யப் படை முற்றுகையிட்டபோது தைத்த பீரங்கிக் குண்டுகள் சுவரில் இன்னும் பதிந்திருக்கின்றன. உள்ளே அருங்காட்சியகம், கூடவே நிலத்தடிச் சுரங்கப் பாதைகள். பிள்ளைகள் இருந்தால் போகலாம். உங்களுக்கு நேரம் இருந்தால் மட்டும்.

நேரத்தை மிச்சம் பிடித்து நிகுலிஸ்டே தேவாலயத்துக்குக் கொடுங்கள். தாலினில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் டிக்கெட் வாங்குவேன் என்றால் அது இதுதான். இப்போது வழிபாட்டிடம் இல்லை, அருங்காட்சியகம். 1944 மார்ச் 9 இரவில் சோவியத் விமானங்கள் குண்டு போட்டபோது இந்தக் கோவில் எரிந்தது, பக்கத்து ஹர்யு தெருவும் அழிந்தது. முக்கியமான கலைப்பொருட்களை முன்கூட்டியே வேறிடத்துக்குக் கொண்டுபோயிருந்ததால் அவை பிழைத்தன. அதற்கு முன்பே ஒரு தடவை தப்பியிருக்கின்றன. 1524-இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் கூட்டம் நகரத்துத் தேவாலயங்களில் புகுந்து சிலைகளை உடைத்தபோது, நிகுலிஸ்டேயின் நிர்வாகி பூட்டுகளுக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டார். கதவு திறக்கவில்லை, கூட்டம் போய்விட்டது.

உள்ளே ஒரு மூலையில் மங்கலான வெளிச்சத்தில் ஏழரை மீட்டர் நீளத் துணி ஓவியம். லூபெக்கைச் சேர்ந்த பெர்ன்ட் நோட்கே 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த ‘மரண நடனம்’. போப், பேரரசன், பேரரசி, கர்தினால், அரசன் என்று வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு எலும்புக்கூடு கையைப் பிடித்து ஆட இழுக்கிறது. இடது ஓரத்தில் ஒரு எலும்புக்கூடு உட்கார்ந்து பைக்குழல் ஊதுகிறது, இன்னொன்று சவப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டே குதிக்கிறது. கால்களைக் கவனியுங்கள். எலும்புக்கூடுகளின் கால்கள் எல்லாம் துள்ளுகின்றன. போப்பின் காலும் அரசனின் காலும் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவர்கள் போக மறுக்கிறார்கள், அவை விடுவதாக இல்லை. கீழே ஓடும் எழுத்து, இவர்களும் மரணமும் பேசிக்கொள்ளும் வாக்குவாதம். முழு ஓவியம் இதைவிடப் பலமடங்கு நீளம், குடியானவன், தொட்டில் குழந்தை வரை எல்லோரும் வருவார்கள். லூபெக்கில் இருந்த இதன் இணை ஓவியம் 1942 குண்டுவீச்சில் அழிந்துபோனது. மிஞ்சியது இந்தத் துண்டுதான். அரைமணி நேரம் உட்கார பெஞ்சு இருக்கிறது.

பிறகு நகரமன்றச் சதுக்கம். 1404-இல் முடிந்த நகரமன்றக் கட்டடம், உச்சியில் ‘கிழவன் தோமஸ்’ என்ற காற்றுத்திசைகாட்டிப் பொம்மை, 1530 முதல் ஊருக்குக் காவல். இப்போது மேலே சுற்றுவது நகல். கூரை ஓரத்தில் மழைநீர் கொட்டப் பச்சை டிராகன் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர் மூலையில் 1422-இலேயே ஆவணத்தில் பெயர் வரும் மருந்துக்கடை, இன்றைக்கும் மருந்து விற்கிறது. பழைய மருந்துகளைப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறார்கள். முள்ளெலியைச் சுட்ட சாம்பல் வகையறா. பார்த்துவிட்டு நம் வீட்டுப் பாட்டி வைத்தியத்தைக் கிண்டல் செய்வதை நான் நிறுத்திவிட்டேன். சதுக்கத்தில் சாப்பிட மட்டும் உட்காராதீர்கள். இரண்டு தெரு தள்ளினால் விலை பாதியாகும்.

சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே ‘சைய கங்’ என்ற பொடிச் சந்தைத் தாண்டினால் பரிசுத்த ஆவி தேவாலயம். வெளிச்சுவரில் நீலமும் தங்கமுமாக ஒரு கடிகாரம், 17-ஆம் நூற்றாண்டுச் சிற்பி கிறிஸ்டியன் ஆக்கர்மன் செதுக்கியது. எல்லோரும் கடிகாரத்தைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே போங்கள். ஜெர்மன் பேசியவர்கள் ஆண்ட ஊரில் ஏழை எஸ்டோனியர்களுக்கான கோவில் இதுதான், அவர்கள் மொழியில் பிரசங்கம் நடந்த இடம். 1535-இல் அச்சான, துண்டுகளாக மிஞ்சியிருக்கும் முதல் எஸ்டோனிய நூலை மொழிபெயர்த்தவர் இக்கோவிலின் போதகர் யோஹான் கோயெல். ஒரு பொருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். வட எஸ்டோனிய மொழியில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சானது 1715-இல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் 1715-இல்தான்.

மதியத்துக்கு மேல் ஒலெவிஸ்டே கோபுரம் ஏறலாம். ஒருகாலத்தில் 159 மீட்டர், உலகத்திலேயே உயரம் என்று பலகைகளில் போட்டிருப்பார்கள். அதை நம்பாத ஆய்வாளர்கள் உண்டு. இப்போது 124 மீட்டர். சோவியத் காலத்தில் இதன் உச்சியைக் கேஜிபி வானொலி அலைக்குப் பயன்படுத்தியது. கல் படிகள் இருநூறுக்கு மேல், சுழல் சுழலாக, ஒரே ஆள் அகலம். ஏறுபவரும் இறங்குபவரும் சந்தித்தால் யாராவது ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும், கைப்பிடிக்குக் கயிறு. மூட்டுவலி இருந்தால் வேண்டாம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் (பிப்ரவரியில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் பனி உறைந்த கல்லில் வழுக்கி விழுந்தவன் நான்). செப்டம்பரில் திறந்திருக்கும்.

சாப்பாடு. எஸ்டோனியச் சமையல் என்றால் பன்றி, மத்தி மாதிரிச் சின்ன மீன், உருளை, முட்டைக்கோஸ். ஆனால் சைவத்துக்குத் திண்டாட வேண்டியதில்லை, நகரத்தில் சைவ உணவகங்களும் இந்திய உணவகங்களும் இருக்கின்றன. உள்ளூர்ச் சுவை வேண்டுமென்றால் முதலில் கறுப்பு ரை ரொட்டி. லேசான புளிப்பு, லேசான இனிப்பு, வெண்ணெய் தடவினால் வேறெதுவும் வேண்டாம். அடுத்து கமா. வறுத்த பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் அரைத்த மாவு, புளித்த பாலில் கரைத்துக் குடிப்பது. உங்கள் மனைவி ஒரு வாய் குடித்ததும் ‘இது நம்ம சத்துமாவுதானே’ என்பார், சரியாகத்தான் சொல்வார். சூப் வாங்கினால் இறைச்சிச் சாறு கலந்ததா என்று கேட்டுவிடுங்கள். காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. இளைஞர்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் ‘தெரே’ என்று வணக்கம் சொல்லி, ‘ஐதா’ என்று நன்றி சொன்னால் முகம் கொஞ்சம் மலரும். கொஞ்சம்தான். அவர்கள் பேச்சில் உயிரெழுத்து குறில், நெடில், அதற்கும் மேல் நீண்டது என்று மூன்று அளவு. ஐரோப்பியர்கள் இதைக் கேட்டு மலைக்கிறார்கள். அளபெடை படித்த நமக்கு என்ன.

ஞாயிற்றுக்கிழமை பழைய நகரத்தை விட்டு வெளியே வாருங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய பால்டி யாம் சந்தையில் தொடங்கி, கலமயா வழியாக நடந்து, கடலோரத்தில் லென்னுசதம் போவது நல்ல காலை. கலமயா என்றால் ‘மீன் வீடு’, ஒருகாலத்தில் மீனவர் குடியிருப்பு. தெருத்தெருவாக மர வீடுகள். சிலவற்றில் இரண்டு மரச் சிறகுகளுக்கு நடுவே படிக்கட்டு மட்டும் கல்லில் இருக்கும். தீப்பிடித்தால் ஓடித் தப்பிக்க 1920-30-களில் கண்டுபிடித்த உபாயம். லென்னுசதம் என்பது 1916-17-இல் கடல் விமானங்களுக்காகக் கட்டிய கொட்டகை. தூண் இல்லாத மெல்லிய கான்கிரீட் குவிமாடங்கள் மூன்று, கட்டியது ஒரு டேனிய நிறுவனம், மறுபடி டேனியர்கள்! உள்ளே 1936-இல் இங்கிலாந்தில் கட்டிய ‘லெம்பித்’ நீர்மூழ்கி. ஏணியில் இறங்கி உள்ளே போகலாம். டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கைகள். நான் குனிந்தும் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டேன்.

அருங்காட்சியகம் வேண்டாம், மரநிழல் போதும் என்றால் டிராமில் கத்ரியோர்க். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1718-இல் மனைவி கேத்தரினுக்காகக் கட்டத் தொடங்கிய அரண்மனையும் பூங்காவும். பூங்காவின் மறுமுனையில் கூமு கலைக்கூடம். இன்னும் கொஞ்சம் நடந்தால் பாட்டுத்திருவிழா மைதானம், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பல்லாயிரம் பேர் ஒரே மேடையில் பாடும் இடம். 1988-இல் இங்கே கூடித் தடைசெய்யப்பட்ட பாடல்களைப் பாடித்தான் சோவியத் ஆட்சியை அசைத்தார்கள். காலி மைதானத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, பெரிய வளைவு மேடையும் புல்லும்தான். ஆனாலும் போனேன், இரண்டு தடவை.

ஒன்றை மட்டும் முன்பதிவு செய்யுங்கள். 1972-இல் திறந்த வீரு ஹோட்டல், வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஃபின்லாந்துக்காரர்கள் கட்டிக்கொடுத்தது. லிஃப்டில் 22 மாடிதான் இருக்கும். 23-ஆவதில் கேஜிபி உட்கார்ந்து அறைகளை ஒட்டுக்கேட்டது. ரொட்டி வைக்கும் தட்டுக்குள்கூட ஒலிவாங்கி வைத்திருந்தார்கள், அந்தத் தட்டைக் காட்டுவார்கள். கதவில் ரஷ்ய மொழியில் ‘இங்கே எதுவும் இல்லை’ என்று எழுதியிருக்கும். வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள், ஆங்கிலச் சுற்று சீக்கிரம் நிரம்பிவிடும்.

விட்டுவிட வேண்டியவை: இடைக்கால வேடம் போட்டவர்கள் விற்கும் எல்லாமும், வறுத்த இனிப்புப் பாதாம் தவிர. சக்கரம் வைத்த பெட்டியைக் கல் பாவிய தெருவில் இழுக்காதீர்கள், சத்தம் ஊரை எழுப்பும், சக்கரமும் போகும். தோள்பை கொண்டுவாருங்கள், தடித்த அடிப்பாகம் உள்ள காலணி போடுங்கள். செப்டம்பரிலும் கடல்காற்று காதை அறுக்கும்.

கடைசியாக, துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு சூப்பர்மார்க்கெட்டில் நுழைந்து குளிர்பெட்டியில் ‘கொஹுகே’ தேடுங்கள். வடிகட்டிய தயிர்க்கட்டியை இனிப்பாக்கிச் சாக்லேட்டில் முக்கியெடுத்த விரல் நீளப் பண்டம், விலை ஒரு யூரோகூட இருக்காது. ஜெலட்டின் இருக்கிறதா என்று மட்டும் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்சிங்கி வரை எடுத்துப்போகலாம் என்று நினைக்காதீர்கள், கப்பல் கிளம்புவதற்குள் இளகிவிடும். வரிசையில் நிற்கும்போதே தின்றுவிடுங்கள்.